களியக்காவிளை சோதனைச்சாவடிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு வணக்கம்.

நம் பழைய சோதனைச்சாவடி வேலை முடிந்து மறுபடியும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. கடைத்தெரு மக்கள் சார்பில் இதை எழுதுகிறேன்.

1956 நவம்பர் 1-க்கு முன்பு நமக்கு எல்லை ஆரல்வாய்மொழிதான். விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்த பிறகுதான் கேரள எல்லை இங்கே வந்தது. தோவாளைப் பூவும் மீன் வண்டிகளும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிற நோயாளிகளும் இந்த வழியாகத்தான் போகிறார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். 2020 கொரோனா ஊரடங்கில் இ-பாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் நின்றபோது ஊரே அதைக் கண்டது.

முதல் நன்றி கொத்தனாருக்கும் ஆசாரிமாருக்கும். இடித்துத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்புவது சுலபம். நீங்கள் வெட்டுக்கல் சுவரில் ஏறியிருந்த பெயிண்டைச் சுரண்டி எடுத்து, சந்துகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்தீர்கள். கூரையில் செல்லரித்த கழுக்கோல்களை (சாய்வு மரங்களை) மட்டும் மாற்றினீர்கள். ஓடுகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டி, கணீரென்று கேட்டதை மட்டும் திரும்ப மேய்ந்தீர்கள். கேமராவும் கம்ப்யூட்டரும் வந்தபோது, சுவரை வெட்டாமல் மரச்சட்டத்தின் மேலேயே வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கும் நன்றி. பழைய கட்டடத்தில் புது வசதி செய்வதென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும்.

ஆம்புலன்ஸுக்குத் தனி வழி விட, ஸ்டாண்டையே பின்னால் நகர்த்திக்கொண்ட ஆட்டோ அண்ணன்மார்களை மறக்க முடியாது. சவாரி குறையும் என்று தெரிந்தும் சம்மதித்தார்கள். பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரி பவனி வந்தபோது சாரத்தைப் பிரித்து வழிவிட்ட வேலைக்காரர்களுக்கும், அன்று இரண்டு பக்கமும் கூட்டத்தை ஒழுங்குபடுத்திய இரு மாநிலக் காவலர்களுக்கும் நன்றி.

அறிவிப்புப் பலகையின் மலையாளத்தைத் திருத்தித் தந்த பாறசாலை ஆசிரியர் ஒரு சாயாகூட வாங்கிக்கொள்ளவில்லை. சாருக்கு எங்கள் வணக்கம்.

பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று விடாமல் கேட்டவர்கள் மீன் விற்கும் அக்காமார்தான். வரைபடத்தில் முதலில் அது இல்லவே இல்லை. உங்களால்தான் வந்தது. அதைத் தினமும் கழுவிவிடும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. கோடையில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பும் பொறுப்பைக் கடைக்காரர்கள் நாங்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
களியக்காவிளை கடைத்தெரு மக்களுக்காக,
உங்களில் ஒருவன்