குடும்பஸ்தரும் முஸ்லிம் நபரும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த வாரம் உங்கள் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் இரண்டு செய்திகள் அருகருகே வந்திருந்தன. ஒன்று ‘ஐஸ் போதைப்பொருளுடன் குடும்பஸ்தர் கைது’. மற்றது ‘கஞ்சாவுடன் முஸ்லிம் நபர் கைது’. இரண்டையும் கடைசி வரி வரை வாசித்தேன். முதலாமவர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று எங்கும் இல்லை. இரண்டாமவருக்கோ மனைவி பிள்ளைகள் இருப்பதாகச் செய்தியின் அடியில் எழுதியிருந்தீர்கள். ஆனாலும் குடும்பஸ்தர் என்ற பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நான் வவுனியாவில் இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை. அன்று பாடசாலை ஓய்வறையில் கூடப் படிப்பிக்கும் ஒருவர் பத்திரிகையை மடித்து என் மேசையில் வைத்து, “டீச்சர், உங்கட ஆக்கள் ஏன் இப்படி?” என்றார். கெட்ட மனிதர் அல்ல. என் மகளுக்குக் காய்ச்சல் கூடிய ஓர் இரவு, மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். அதனாலேயே எனக்கு வாய் வரவில்லை. பக்கத்துச் செய்தியைக் காட்டி, “இவர் யாருடைய ஆள், சேர்?” என்று கேட்டிருக்கலாம். அது படுக்கப் போகும்போதுதான் தோன்றியது.

இப்படிக் கூட்டமாக எண்ணப்படுவது எனக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். எனக்கு வயது 14. வாப்பா தையல்காரர். அவர் யாருக்கு என்ன செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வழியில் உம்மாவின் காதுத் தோட்டையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அந்த மாதம் வடக்கிலிருந்து அப்படிப் போனவர்கள் 70,000க்கும் மேல். நாங்கள் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் எங்கள் மார்க்கத்தவர் மத்தியில்கூட ‘அகதிப் பிள்ளை’ என்ற பெயர் பல வருடம் என்னோடு ஒட்டியிருந்தது. அது வேறு கதை.

2019 ஏப்ரல் 21 அன்று சில முஸ்லிம் தீவிரவாதிகள் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடத்திய குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, பஸ் நிரம்பி வழிந்தாலும் என் பக்கத்து ஆசனம் வெறுமையாகவே வரும். அடுத்த மாதம் ஒரு சிங்கள நாளிதழ், 4,000 சிங்களத் தாய்மாருக்கு ஒரு முஸ்லிம் வைத்தியர் இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று முதற்பக்கத்தில் போட்டது. குருநாகல் வைத்தியசாலை வைத்தியர் ஒருவர் கைதானார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே பிறகு நீதிமன்றத்தில் சொன்னது. முதற்பக்கத்தை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள், நீதிமன்றச் செய்தியை எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் என்பது பத்திரிகை நடத்தும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் மூன்றாம் பக்கச் செய்தியை அதோடு சமமாக வைக்கவில்லை. ஆனால் பழக்கம் ஒன்றுதான்.

கஞ்சா வைத்திருந்தால் பிடிக்கட்டும், நீங்களும் எழுதுங்கள். பெயரைப் போட்டாலே எந்தச் சமயம் என்று தெரிந்துவிடுமே என்பீர்கள். சரி, தெரியட்டும். தலைப்பில் மட்டும் வேண்டாம். தமிழ் வாத்தியார் புத்தி, எண்ணிப் பார்த்தேன்: ‘முஸ்லிம்’ என்பதில் நான்கு எழுத்து. எடுத்துவிட்டால் தலைப்பில் இடமும் மிச்சம்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை
வவுனியா
(பெயரை வெளியிட வேண்டாம்)