எல்இடி பல்பு: நட்சத்திரம் மட்டும் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எல்இடி பல்பு வாங்கப் போனால் வாட், விலை, வாரண்டி எல்லாம் சொல்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் நிறங்கள் உள்ளபடி தெரியுமா என்பதைக் காட்டும் சி.ஆர்.ஐ. எண்ணைக் கேட்டால்தான் விழிக்கிறார்கள். பல அட்டைகளில் அந்த எண்ணே இருப்பதில்லை.

பலரும் இதைக் கெல்வினோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 6500 என்றால் வெள்ளை, 3000 என்றால் மஞ்சள். கெல்வின் சொல்வது அவ்வளவுதான். ஒரே 3000 கெல்வினில் ஒரு பல்பின் கீழ் அரக்குப் பட்டு அரக்காகவே இருக்கும். இன்னொன்றின் கீழ் காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விடும். சி.ஆர்.ஐ. என்பது 8 வெளிறிய நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரிகின்றன என்பதன் சராசரி. அடர் சிவப்பு அதில் சேராது; அதை ஆர்9 என்று தனியே அளக்கிறார்கள். சி.ஆர்.ஐ. 80 உள்ள பல்பில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கக்கூடும்.

இதற்கு நம் விதிமுறையும் ஒரு காரணம். மின்சிக்கனத்தைக் காட்ட அட்டையில் இருக்கும் பி.இ.இ. நட்சத்திரம், ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன், அதாவது எவ்வளவு வெளிச்சம், என்பதை வைத்துத் தரப்படுகிறது. நம் கண்ணுக்குப் பச்சையை ஒட்டிய ஒளிதான் பளிச்சென்று படும். அடர் சிவப்பு மிகக் குறைவாகவே படும். லூமன் கணக்கும் அப்படியே. நிறம் சரியாக வரட்டும் என்று பல்புக்குள் சிவப்பு ஒளி தரும் பாஸ்பர் பூச்சைக் கூட்டும் தயாரிப்பாளருக்கு லூமன் இறங்குகிறது, நட்சத்திரமும் இறங்கலாம். தரமாகச் செய்பவரைத் தண்டிக்கும் ஏற்பாடு இது. ஆர் என்று தொடங்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இல்லாத பல்பை வாங்கவே கூடாது. ஆனால் அந்தப் பதிவு பாதுகாப்புக்கானது, நிறத்துக்கு உத்தரவாதம் அல்ல.

மின்கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். அதே வெளிச்சத்துக்கு சி.ஆர்.ஐ. 90 பல்பு 2 வாட் கூடுதலாக இழுத்தாலும், தினம் 5 மணி நேரத்துக்கு வருடம் 4 யூனிட்கூட ஆகாது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 30 ரூபாய்க்குள்தான். பல்பின் விலைதான் கூடுதல். அதனால் வீடு முழுக்க மாற்றத் தேவையில்லை. சமையல் மேடை, முகக் கண்ணாடி, தையல் மெஷின், துணி அலமாரி ஆகிய இடங்களுக்கு 90 போடுங்கள். மாடிப்படிக்கும் வாசலுக்கும் 80 தாராளம்.

வாங்கும்போது ஒரே கெல்வினில் இரண்டு பல்புகளை எரியவிட்டு உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். சிவப்பு குறைந்த பல்பில் கை வெளிறிச் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். செல்போன் கேமராவைப் பல்பின் அருகே பிடித்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். ஓடினால், பல்புக்குள் மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சர்க்யூட்டில் செலவைக் குறைத்திருக்கிறார்கள். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. படிக்கும் மேசைக்கு அது ஆகாது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், புதிய வீடுகளுக்கான உயர்திறன் விளக்குகளுக்கு சி.ஆர்.ஐ. 90, ஆர்9 50 என்று குறைந்தபட்ச அளவே வைத்திருக்கிறார்கள். இங்கே உடனே அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், நட்சத்திரத்தின் பக்கத்திலேயே சி.ஆர்.ஐ., ஆர்9 இரண்டையும் அச்சிட வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
விளக்கு வடிவமைப்பாளர், கோவை