தாத்தாவின் ஆசிய ஜோதி

லண்டன்,
டிசம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். சக்கை வற்றல் உடையாமல் வந்து சேர்ந்தது. இங்கே சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்தால், எழும்பும்போது மறுபடி இருட்டு. வெயிலைப் பார்த்து ஒரு வாரமாகிறது.

வடசேரி வீட்டு மச்சை ஒழித்து ஓடு மாற்றப் போவதாக எழுதியிருந்தீர்கள். சரி, செய்ய வேண்டியதுதான். ஆனால் தாத்தாவின் புத்தகப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

லீவு நாளில் செசில் கோர்ட் என்ற சந்துக்குப் போவேன். இரண்டு பக்கமும் பழைய புத்தகக் கடைகள். போன வாரம் அங்கே எட்வின் அர்னால்டின் ‘லைட் ஆஃப் ஏசியா’ கையில் கிடைத்தது. 1879-ல் வந்த நூல்; கவிமணி ‘ஆசிய ஜோதி’யாகத் தமிழில் பாடியது இதைத்தான். யாரோ தன் தங்கைக்குக் கொடுத்தது, முன்தாளில் நாலு வரி எழுதியிருந்தார். ஆனால் வெறும் கையெழுத்தைவிட, நூலாசிரியரே தனக்கு நெருங்கியவருக்கோ பெயர்பெற்ற ஒருவருக்கோ எழுதிக் கொடுத்த பிரதிக்குத்தான் மதிப்பு அதிகமாம். ‘அசோசியேஷன் காப்பி’ என்கிறார்கள்.

1873-ல் கார்ல் மார்க்ஸ் தன் ‘மூலதனம்’ நூலில் கையெழுத்திட்டு டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் வாழ்ந்த டவுன் ஹவுஸில் அந்தப் பிரதி இருக்கிறது. அந்தக் காலத்தில் தாள் மடிப்பைக் கத்தியால் பிரித்துத்தான் படிக்க வேண்டும். எண்ணூறு பக்கத்துக்கு மேலுள்ள அந்தப் புத்தகத்தில் முதல் 105 பக்கம்தான் பிரிந்திருக்கிறது. டார்வின் எதுவரை வந்தார் என்று தாளே சொல்கிறது! கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உடனே நம் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. தாத்தா புத்தேரிக்கு நடந்துபோய்க் கவிமணியிடம் கையெழுத்து வாங்கிய ‘ஆசிய ஜோதி’ அதில் இருக்கிறது. முன்தாளில் நீல மை லேசாகப் பரவியிருக்கும். கடைசித் தாளில் பாட்டியின் பால் கணக்கு, பென்சிலில்: உழக்கு, உழக்கு, ஒருநாள் வெறும் கோடு. கிறுக்கல் என்று நினைத்து யாரும் அதை அழித்துவிடக் கூடாது, அண்ணா.

புது பைண்டிங்கும் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சி இருந்தால் மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, ஈரச் சுவரில் படாமல் மர அலமாரியில் வையுங்கள். அப்புறம், அந்தப் பால் கணக்கு எந்த வருசத்தது என்று பெரிய அத்தைக்குத் தெரிந்திருக்கும். கேட்டுத் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

மயினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் தம்பி