இரண்டு நிலா உள்ள ஊருக்கு ஒரு லஸ்கர் வேண்டும்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய உன் நாவல் அத்தியாயங்கள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன். போனில் படித்தால் கண் எரிகிறது, அதனால் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தேன். அம்மாவும் படித்தாள். அவளுக்கு அந்த உப்பளத்துக் கிழவியைப் பிடித்துவிட்டது, எக்காரணம் கொண்டும் அவளைச் சாகடிக்கக் கூடாது என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். போனில் ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நன்றாக எழுதுகிறாய் பாப்பா. பெற்ற பாசத்தில் சொல்லவில்லை. இரண்டாவது நிலா எழும்போது ஆட்களுக்கு இரண்டு நிழல் விழுவதும், சின்னப் பிள்ளைகள் தங்கள் மெலிந்த நிழலை மட்டும் மிதித்து விளையாடுவதும் இருக்கிறதே, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் வாசலுக்குப் போய் என் நிழலைப் பார்த்தேன். அப்படி ஒரு காரியத்தை எழுத்து செய்துவிட்டால் மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளலாம்.

திருத்த வேண்டியது முதலில் வரைபடம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரைந்திருக்கிறாய், தெரிகிறது. ஆனால் மலைமேல் ஒரு ஏரியைப் போட்டு அதிலிருந்து கிழக்கே ஒரு ஆறு, மேற்கே ஒரு ஆறு விட்டிருக்கிறாய். தண்ணீர் அப்படிப் போகாது. கரை எந்தப் பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் வழியும். வழிய வழிய அந்த இடம் அரித்து இன்னும் தாழும், கொஞ்ச காலத்தில் மற்ற வழி வறண்டு புல் முளைத்துவிடும். மேட்டில் ஆறுகள் ஒன்றோடொன்று சேரும். சமவெளிக்கு வந்து வேகம் செத்து, வண்டல் இறங்கி, தன் படுகையே தனக்கு மேடாகும்போதுதான் கிளை பிரியும். உன் அரசி ஆளுகிற தாழ்நிலத்தில் ஆறு ஒற்றைக் கோடாகக் கடலுக்குப் போகிறது. நீ பிறந்து வளர்ந்த ஊரையே பார். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது, நம் மூணாறு தலைப்பில் அந்த வெண்ணாறு மறுபடி கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகிறது. ஒவ்வொரு பிரிவிலும் தண்ணீரை அளந்து விட ஷட்டர் வைத்த ஒரு ரெகுலேட்டர், ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் ஒரு சண்டை. கதை எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இருக்கிறது. உன் நாவலில் அரசி இருக்கிறாள், தளபதி இருக்கிறான், நட்சத்திரக் கணக்கு எழுதுகிற துறவி இருக்கிறார், துரோகி ஒருவன் இருக்கிறான். வேலை செய்கிற ஆள் ஒருவன்கூட இல்லை. நீ எழுதியிருக்கிறாய், "நீர்க்கதவுகள் திறந்தன" என்று. யார் திறந்தது? தானாகத் திறந்ததா? எந்த ராத்திரியில், எத்தனை அங்குலம், யார் சொல்லி, யார் வேண்டாம் என்று சொல்லியும்? கிழவி ஒருத்திதான் கையில் உப்பு ஒட்டியிருக்கிற ஆள், அதனால்தான் அம்மாவுக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் மதகைக் காக்கிற லஸ்கராகச் சேர்ந்து பாசன ஆய்வாளராக ஓய்வு பெற்றவன், அது உனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலை என்ன என்று நான் உட்கார்ந்து உனக்குச் சொன்னதில்லை, நீ படிக்கிற பிள்ளையாக இருந்தாய். தலைப்பில் ஷட்டரை ஏற்றி இறக்குவது மட்டும் வேலை இல்லை. மேட்டூரில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் முறை வைத்துத்தான் விடுவோம், இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அடைத்துவிட்டு அடுத்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று. அப்படி ஒரு முறையில் கோரையாற்றை அடைத்திருந்த ராத்திரி, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற கடைமடையிலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளில் வந்தார். முத்துப்பேட்டைப் பக்கத்து ஆள். மண்வெட்டியோடு கூட்டமாக வந்து சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துப் பழக்கம், இவர் எதுவுமே பேசவில்லை. பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து, அடைத்த ஷட்டருக்குக் கீழே கசிகிற தண்ணீரைக் கேட்டுக்கொண்டே நின்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி தோளில் போட்டார். ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டு அங்குலம் தூக்கினா மேல தெரியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். தெரியும். கீழே நீர்மட்டம் பார்க்கிற கேஜில் உடனே ஏறும், காலையில் அளவு எழுதிப் போகும்போது எல்லோருக்கும் தெரியும், அடுத்த ஆற்றுக்காரனுக்கு அந்த ரெண்டு அங்குலம் குறையும். அவர் நாற்று கருகிக்கொண்டிருந்தது, அடுத்த ஆற்றுக்காரன் நாற்றும்தான். அந்த ராத்திரி நான் என்ன செய்தேன் என்று இதில் எழுதப்போவதில்லை, நேரில் வந்தால் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெரியவரும் அந்த ஷட்டரடி ஆளும் உன் இரண்டு நிலா ஊரில் கட்டாயம் இருப்பார்கள். வாய்க்கால் என்று ஒன்று இருந்தால் கடைமடை என்று ஒன்று இருக்கும், வேறு கோளாக இருந்தாலும்.

அடுத்தது கடல். இரண்டு நிலாவைப் போட்டுவிட்டு ஓதத்தை மறந்துவிட்டாய். நம் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும், மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளி வரும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றம் அதிகம், அஷ்டமி வாக்கில் குறைவு. நாகப்பட்டினம் பக்கம் ஆற்று முகத்துவாரங்களுக்குக் கொஞ்சம் மேலே கடைமடை ரெகுலேட்டர்கள் இருக்கின்றன இல்லையா, அங்கே இருக்கிற லஸ்கருக்குக் கைக்கடிகாரத்தைவிட நிலாதான் கணக்கு. கடல் ஏறும்போது ஷட்டரை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வயலைக் கெடுத்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் மேலே சம்பாப் பயிர் முழுகிக் கிடக்கும், அந்த வெள்ளம் கடலுக்கு வடிய வேண்டும், அதே நேரத்தில் கடல் உள்ளே வரப் பார்க்கும். அடைத்தால் பயிர் அழுகும், திறந்தால் உப்பு ஏறும். வற்றம் இருக்கிற சில மணி நேரத்துக்குள் வடித்துவிட்டு மறுபடி அடைக்க வேண்டும், மழையில், இருட்டில், சங்கிலியில் கை வழுக்க.

இப்போது அந்த ஆளுக்கு இரண்டு நிலாவைக் கொடுத்துப் பார். இரண்டும் ஒரே பக்கம் வரும் நாளில் ஏற்றம் பெரிதாகும், ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கும் நாளில் ஒன்றின் இழுப்பை மற்றது குறைக்கும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதால் பெரிய ஏற்றம் ஒழுங்காக மாசத்துக்கு இரண்டு முறை என்று வராது. அங்கே இரண்டு பஞ்சாங்கம் வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடத் தெரிந்த ஆள் வேண்டும். உன் துறவியின் நட்சத்திரக் கணக்கு எதற்கு என்று ஏழாவது அத்தியாயம்வரை எனக்குப் புரியவே இல்லை. அவர் ஓதக் கணக்குப் போடுகிறவர் என்றால் ஊரே அவரிடம் கையைக் கட்டி நிற்கும். அவர் கணக்கில் ஒரு நாள் தப்பினால் ஒரு போகம் போச்சு. தளபதி யாரைக் கடத்த வேண்டும் என்று இப்போது புரிகிறதா? அரசியை அல்ல.

அணை உடைகிற அத்தியாயமும் இதே மாதிரிதான். குண்டு வெடித்த மாதிரி ஒரே நொடியில் உடைந்து, எல்லோரும் ஓடி, அத்தியாயம் முடிந்துவிடுகிறது. 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையில் ஒன்பது மதகுகள் போயின, நினைவிருக்கிறதா? 1836ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. அதற்கு முன்னால் நாள்கணக்கில் கொள்ளிடத்தில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் இருப்பதற்குப் பிடிமானம் போகும், பிறகு அதற்குப் பக்கத்தில். உடைந்ததோடு முடியவில்லை, பாறாங்கல்லையும் மணல் மூட்டையையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தார்கள், காவிரியில் பாசனத்துக்குத் தண்ணீர் தள்ள வேண்டுமே. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன், டிவியில் பார்த்துக்கொண்டு உட்காரவே முடியவில்லை. உன் அத்தியாயத்தில் உடைவது அரைப் பக்கம் போதும். மூட்டை கட்டுகிறவர்களுக்கு பத்துப் பக்கம் கொடு. சாக்கு தீர்ந்துபோகும், மணல் ஈரமாகக் கனக்கும், அடுத்த ஏற்றத்துக்கு முன்னால் முடிக்க வேண்டும், அங்கே உன் துரோகியும் சாக்குப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

தமிழில் அறிவியல் புனைவை யார் படிக்கப்போகிறார்கள் என்று உன் ஆபீஸ் நண்பன் கேட்டானாம், அதற்கு நீ இரண்டு வாரம் எழுதாமல் இருந்தாயாம். அவனுக்கு இதைச் சொல். 80களில் சுஜாதா ஜீனோ என்கிற இயந்திர நாயை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் தலைப்புக் கொட்டகைக்கு அந்த வாரப் பத்திரிகை ஒரே ஒரு பிரதிதான் வரும். லஸ்கர், டீக்கடைக்காரர், ஆடு மேய்க்க வருகிற பையன்வரை கை மாறிப் போய், என்னிடம் வரும்போது அட்டை இருக்காது. எங்களில் யாரும் இயந்திரத்தைப் பற்றிப் படித்தவர்கள் இல்லை. அடுத்து அந்த நாய் என்ன பேசும் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். படிக்க ஆள் இருக்கிறார்கள் பாப்பா, எழுதுகிறவர்தான் பாதியில் விட்டுவிடக் கூடாது.

பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று சொன்ன பதிப்பகத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதே. சொந்தக் காசில் போடுவதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படிப் போடுவதென்றால் நாமே அச்சகத்துக்குப் போய்ப் போடலாம், சில நூறு பிரதி போட இப்போது பெரிய செலவு இல்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்தாக வேண்டும் என்று உன்னை அவசரப்படுத்தினார்களாம். ஜனவரி எல்லா வருஷமும் வரும்.

வேலையை விடுகிற விஷயம். இப்போது வேண்டாம். பயந்து சொல்லவில்லை, உன் நாவலுக்காகச் சொல்கிறேன். நீ இருக்கிற பெங்களூரிலேயே பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டேதான் சுஜாதா எவ்வளவோ எழுதினார். நீ சொல்லித்தான் அந்த சீனாக்காரர் லியூ சிஷினைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஷான்சி மாகாணத்தில் மின் நிலையத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியராக இருந்துகொண்டே எழுதி 2015ல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது வாங்கியவர். உனக்கு அது ஆச்சரியமாக இருந்தது, எனக்கு இல்லை. பெரிய இயந்திரம் ஓடுகிற இடத்தில் இருக்கிறவனுக்கு, ஒரு சின்ன இடத்தில் தப்பினால் எவ்வளவு தூரத்துக்கு இருட்டாகும் என்று தெரியும். உன் வேலையே சாஃப்ட்வேர் எங்கே உடையும் என்று தேடுவதுதானே? காலையெல்லாம் அதைச் செய்கிற மூளை ராத்திரி நாவலுக்கு வரும்போது அதே கேள்வியைக் கேட்கட்டும், இந்த ஊர் எங்கே உடையும், அப்போது யார் அங்கே நிற்கிறான் என்று. முதல் வரைவை முடித்துவிட்டு, அதற்கு அப்புறமும் விடத் தோன்றினால் விடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். மாடி அறை சும்மாதான் கிடக்கிறது.

கொள்ளிடத்துப் பேய்க் கதை, காலத்தில் பின்னால் போகிற பஸ் தொடர், அந்தப் புது மொழிக்கு இலக்கணம் எழுதுவது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறாய். பஸ் கதை நல்ல கதை, காத்திருக்கும். இலக்கணம் போதும், கதையில் வருகிற நாலு வார்த்தைக்கு அத்தனை வேற்றுமை உருபு தேவை இல்லை. இந்த நாவலை முடி.

ஜூனில் லீவு கிடைக்குமா பார். அணையில் தண்ணீர் இருந்தால் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்கள், மூன்று நாலு நாளில் கல்லணைக்கு வந்துவிடும், அப்புறம் நம் தலைப்புக்கு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் கடைமடை ரெகுலேட்டரில் ரொம்ப காலம் இருந்தவர், கணக்கு நோட்டுப் புத்தகங்களை இன்னும் வைத்திருக்கிறார். உனக்குக் காட்டச் சம்மதித்திருக்கிறார். கேள்விகளை எழுதிக்கொண்டு வா, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்க வேண்டும்.

அடுத்த அத்தியாயம் முடிந்ததும் அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வை, ஓரத்தில் நிறைய இடம் விடு, எனக்குக் குறிக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா