லோடு தகவலுக்குத் தனிக் குழு வேண்டும்: நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நம் மாங்காய் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

2020 ஊரடங்கில் மண்டிக்குப் போக வழியில்லாமல் தவித்தபோது இந்தக் குழுவைத் தொடங்கியவர்கள் நீங்கள். எங்கே என்ன விலை, எந்த மாங்கூழ் ஆலை லோடு எடுக்கிறது என்பதை வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொண்டோம். அந்த நன்றி இன்றும் இருப்பதால்தான் குழுவைவிட்டு விலகாமல் இதை எழுதுகிறேன்.

என் தோப்பில் நடந்தது உங்களுக்குத் தெரியும். கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காயின் விலை தரைமட்டத்துக்குச் சரிந்த 2025 சீசன் அது. "ஆலையில் இயந்திரம் பழுது, இரண்டு நாளைக்கு வண்டி அனுப்ப வேண்டாம்" என்று விடியற்காலை 5.10-க்கு ஒருவர் குழுவில் பதிவிட்டிருக்கிறார். ஆறு மணிக்கு நான் கைபேசியைத் திறந்தபோது 164 செய்திகள் வந்து கிடந்தன. கட்சிக்காரர் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு நன்றி, அந்த நன்றிக்கு வரிசையாகக் கைகூப்பும் படங்கள், ரோஜாப் பூவோடு காலை வணக்கம். பாதிவரை தள்ளிப் பார்ப்பதற்குள் பறிப்புக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

பதினோரு பேர் மாலைவரை பறித்தார்கள். ஆறு டன். ஆலை வாசலில் வண்டி நின்ற பிறகுதான் விஷயம் தெரிந்தது. மரத்தில் விட்டிருந்தால் காய் இன்னும் சில நாள் தாங்கியிருக்கும். இரண்டு நாள் வண்டி வாடகை ஏறியது. தார்ப்பாய்க்கு அடியில் காய் பழுத்து, பலகை இடுக்கில் சாறு வழிந்தது. கடைசியில் மண்டியில் கேட்ட விலை பறிப்புக் கூலிக்குக்கூடப் போதவில்லை. எனக்காகப் போடப்பட்ட ஒரு வரி என் கையிலேயே இருந்தும் கண்ணில் படவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

முறையிட்டபோது, "முழுவதும் தள்ளிப் பார்த்திருக்கலாமே, அண்ணா" என்றார் உங்களில் ஒருவர். ஆட்களை வாசலில் நிற்க வைத்துவிட்டு நூற்றுக்கணக்கான வாழ்த்துகளை ஒரு விவசாயி தள்ளிக்கொண்டிருக்க வேண்டுமா? கொள்முதல் தகவலுக்கென்று தனிக் குழு தொடங்குங்கள் என்று அன்றே கேட்டேன். இன்றும் அதையேதான் கேட்கிறேன்.

மாங்காயோடு இது முடியவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதே, அன்றும் குழுவைத் திறந்தேன். என் தங்கை குடும்பம் அங்கேதான் இருக்கிறது. வேறு மாநிலத்து வெள்ளக் காட்சிகளும் பழைய காட்சிகளும் ஒன்றாகக் குவிந்து, எது நம் ஊர் ஏரி என்றே தெரியாமல் இரவெல்லாம் நடுங்கினோம். இன்னொரு முறை, மாமரத்தில் பூங்கொத்து கருகுகிறதே என்று படம் போட்டுக் கேட்ட ஒரு பெண்ணுக்கு மூன்று நாளாகப் பதில் இல்லை. அவர் கேள்விக்குக் கீழே நடந்தது தேர்தல் சண்டை. பூவைக் கருக்கும் தத்துப்பூச்சி, சண்டை முடியும்வரை காத்திருக்குமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யாரையும் நீக்கச் சொல்லவில்லை. வாழ்த்துக்கும் அரசியலுக்கும் இப்போதைய குழு அப்படியே இருக்கட்டும். நிர்வாகிகள் மட்டும் பதிவிடும்படி ஒரு குழுவை மாற்றும் வசதி 2018-லேயே வந்துவிட்டது. பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் 'கம்யூனிட்டி' வசதி 2022-இல் வந்தது. உறுப்பினர் போட்ட பொருந்தாத பதிவை நிர்வாகியே அழிக்கலாம். இவை எல்லாமே உங்கள் கையில்தான் இருக்கின்றன. தனிக் குழுவில் ஒரு நாளைக்கு நான்கே செய்திகள் வந்தாலும் போதும்: எந்த ஆலை எடுக்கிறது, எது நிறுத்தியிருக்கிறது, என்ன விலை, எத்தனை வண்டி வரிசையில் நிற்கிறது.

தை பிறந்தால் பூ வந்துவிடும். அதற்குள் தொடங்கிவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். காலை ஐந்து மணிக்கு ஒவ்வோர் ஆலையாக விசாரித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால், அந்த வேலையை நானே செய்கிறேன்.

இப்படிக்கு,
சந்தூர் பகுதி மாந்தோப்பு விவசாயி,
கிருஷ்ணகிரி மாவட்டம்.