விற்பனை நாளில் நின்ற போதகருக்கு

பாறசாலை,
ஐப்பசி.

மக்களே,

ஸ்தோத்திரம். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால் கடிதம்.

நீ போயிருக்கிற வெளிநாட்டில், இங்கிலீஷ்காரர் சபை செலவுக்குக் காசு சேர்க்க வைத்த இலையுதிர்கால விற்பனையை நீ ஜெபம் பண்ணித் தொடங்கி வைத்தாயாம். பிறகு கையில் ஒரு கப் தேயிலையைத் தந்து ஓரமாக நிறுத்திவிட்டார்களாம். கேக் மேசைக்கும் பழைய புத்தக மேசைக்கும் நடுவே கழுத்துப்பட்டையோடு சும்மா நின்றேன் என்று போனில் சடைத்துக்கொண்டாய்.

வந்துபோகிற போதகர் சும்மா நிற்பதுதான் சபைக்கு லாபம். நீ ஹாஸ்டலில் இருந்த காலத்தில், நம்ம அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருளை ஏலம் விடுவோமே, அதுக்கு வெளியூர்ப் போதகர் ஒருவர் வந்தார். நல்ல நாட்டுக்கோழி ஒன்று ஏலத்துக்கு வந்ததும் ஆசையாக, "நூறு ரூபா!" என்றார். போதகருக்கு மேலே யார் கேட்பார்கள்? ஆள்கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கோழி நூறு ரூபாய்க்கே போனது. பொருளாளர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! அடுத்து வந்த ஏத்தன் வாழைக்குலைக்குப் போதகர் வாய் திறக்கவில்லை. எடுத்தவர் ஆலயத்துக்கே திருப்பிக் கொடுக்க, மறுபடியும் ஏலம், மறுபடியும் திருப்பல். கடைசியில் தோளில் தூக்கிப் போனவரின் வெள்ளைச் சட்டையில் முதுகுவரை வாழைக்கறை. அவர் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இங்கிலாந்திலிருந்து காசு வராது, போதகர் சம்பளம் முதல் எல்லாச் செலவும் தாங்களே தேடணும் என்று அவர்களைப் பற்றிச் சொன்னாயே, நமக்கும் அதே கதைதான். அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கு என்று ஒரு பிடி அரிசி எடுத்துவைத்த வீடு இது. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்து, அதை வெள்ளைக்காரர்களுக்கு விற்றுத்தானே பள்ளிக்கூடத்துக்குத் துட்டு சேர்த்தார். அங்கே மேசையில் பின்னல் வேலை வைத்திருந்த பாட்டிமாரும் அந்த வகைதான். அவர்களிடம் விலை கேட்காமல் ரெண்டு துண்டு வாங்கினாய் என்றாயே, அது எனக்குப் பிடித்தது.

ஒன்று மட்டும் சொல்லணும். சாயங்காலம் மேசை மடக்கும்போது பிரசங்கம் தயாரிக்கணும் என்று கிளம்பிவிட்டாயாம். அடுத்த முறை அப்படிப் போகாதே. பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் சபையின் நிஜமான சங்கதியெல்லாம் வரும். யார் வீட்டில் சுகமில்லை, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் தானே வரும்.

இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் வெட்டு நடக்கவில்லை, அப்பா கடுகடுவென்று இருக்கிறார். அந்தப் பின்னல் துண்டில் ஒன்றை எனக்கு அனுப்பு, தையல் எப்படி என்று பார்க்கணும்.

அன்புடன்,
அம்மா