ஆடாமல் உட்கார்ந்திருப்பவர்

சின்னப்பாலம், பாம்பன்

தம்பிக்கு அம்மா எழுதுவது.

நேற்று நீ போனில் கோபமாகப் பேசினாய். நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்லிவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கூடைப்பந்து அணியில், உன் அறையில் தங்கியிருக்கும் அந்த அண்ணனுக்கு 37 வயது, ஆட்டத்தில் இறங்குவதே அபூர்வம், முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு கிடக்கிறார், அவர் இடத்தை உன் சிநேகிதனுக்குக் கொடுத்திருக்கலாம் என்றாய். சிநேகிதனுக்காக வருந்துவது சரி. மற்றது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கடல்பாசி எடுக்கப் போன முதல் வருடம் எங்கள் வல்லத்தில், அதுதான் படகில், ஒரு கிழவி வருவாள். தண்ணீரில் இறங்கமாட்டாள். படகின் முன்பக்கம் அணியத்தில் குந்தி வெற்றிலை மெல்லுவாள். கரை சேர்ந்ததும் அவளுக்கும் பங்கு உண்டு. எனக்கு வயிறு எரியும். 19 வயது, மூச்சடக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர். மரிக்கொழுந்துப் பாசி கண்ணில் பட்டால் போதும், பாய்ந்து பறிப்பேன். ஒருநாள் பாறை கிழித்து ரத்தக் கையோடு ஏறினேன். விரலில் சுற்றியிருந்த துணியை அவள் அவிழ்த்தாள். நுனியை மூடி, கணுவை மட்டும் விட்டு மறுபடி சுற்றினாள். "இறங்கியதும் கையை நீட்டாதே. பாசி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார். அந்தப் பக்கம் போய் நின்றால் தண்ணீர் உன்னைப் பாறையில் மோதாது" என்றாள். அத்தனை நாளும் மேலே இருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உன் தங்கை கைப்பேசியில் ஒருவரைக் காட்டினாள். யுடோனிஸ் ஹாஸ்லெம். அமெரிக்காவில் மயாமி ஹீட் என்ற கூடைப்பந்து அணியில் 2003 முதல் 2023 வரை 20 சீசன், மூன்று கோப்பை. 2020-21 சீசனில் அவர் இறங்கியது ஒரே ஒரு ஆட்டம். அதிலும் மூன்று நிமிடம் ஆவதற்குள் மல்லுக்கு நின்று வெளியேற்றப்பட்டார்! நல்ல மனுஷன் என்று சிரித்துக்கொண்டேன். அதன் பிறகும் அணி அவரை இரண்டு வருடம் வைத்துக்கொண்டது. காசை எண்ணிக் கொடுக்கிறவர்கள் சும்மாவா கொடுப்பார்கள்? அங்கேயே சான் அன்டோனியோ அணியில் டேவிட் ராபின்சன் என்று ஒருவர், முன்னாள் கடற்படைக்காரர். 1997இல் டிம் டங்கன் என்ற இளையவர் வந்ததும் முதல் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்து ஆடினார். 1999இல் அந்த அணிக்கு முதல் கோப்பை கிடைத்தது.

பெரியவர்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. தன் இடம் போய்விடும் என்று தொழிலை ஒளித்துவைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றை யோசி. உன்னை இறக்குவதும் உட்காரவைப்பதும் கோச் கையில். பயமாக இருக்கிறது, தோள் வலிக்கிறது என்று அவரிடம் வாய் திறப்பாயா? மாட்டாய். பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவரிடம் சொல்லலாம். அவர் அந்த வலியோடு எத்தனை வருடம் ஆடினாரோ! ஐஸ் எதற்கு என்றாவது கேட்டாயா?

ஞாயிற்றுக்கிழமை சேது எக்ஸ்பிரஸில் பக்கத்து வீட்டுப் பையன் சென்னை வருகிறான். நெத்திலிக் கருவாடு இரண்டு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். பெரியது அவருக்கு. அறையில் பிரிப்பதற்குமுன் வாடை ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொள்.

அம்மா